போர்டு போய்விட்டது என்று முடிவு கட்டும் முன்...

பழைய ஹோம் தியேட்டர் செட்டுகள் இப்போது மலிவாகக் கிடைக்கின்றன. சுவரில் பெரிய டிவி, அதன் கீழே நீளமாக ஒரு சவுண்ட்பார் என்று வீடுகள் மாறிவிட்டன. ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப் ஊபர், ஒரு ரிசீவர் என இடத்தை அடைக்கும் செட்டை யாருக்காவது தள்ளிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். வாங்குபவருக்கு இது லாபம்தான். பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் நல்ல கம்பெனிகள் செய்த செட்டுகளில் டிரான்ஸ்பார்மர் கனமாக இருக்கும், ஸ்பீக்கர் பெட்டி உறுதியாக இருக்கும். அந்த விலையில் இன்று புதிதாக வாங்கினால் கிடைப்பது பிளாஸ்டிக் பெட்டிதான்.

வீட்டுக்குக் கொண்டு வந்து இணைத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது. சத்தம் கம்மியாக வருகிறது. வால்யூமைக் கூட்டினால் கரகரவென்று பிசிறடிக்கிறது. வசனம் கேட்கவில்லை, பின்னணி இசை மட்டும் காதைத் துளைக்கிறது. உடனே இரண்டு முடிவுகளில் ஒன்றை எடுக்கிறோம். மெக்கானிக்கை அழைத்து, அவர் “போர்டு போய்விட்டது” என்று சொல்வதைக் கேட்டு நாலாயிரம், ஐயாயிரம் செலவழிக்கிறோம். அல்லது “பழசு வாங்கினால் இப்படித்தான்” என்று செட்டை பரணில் ஏற்றிவிட்டுப் புதியதற்குப் பணம் தேடுகிறோம்.

இந்த இரண்டு முடிவுகளுமே அவசர முடிவுகள் என்பது என் கருத்து. பழைய செட்டில் சத்தம் சரியில்லை என்றால், பழுது செட்டுக்குள்தான் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அதைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம் போதும். அந்தச் சோதனையை நம்மைத் தவிர வேறு யாரும் நமக்காகப் பொறுமையாகச் செய்யப் போவதில்லை.

ஆறு கண்ணிகள் கொண்ட சங்கிலி

நான் கல்லூரியில் எலெக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, என் வகுப்பில் பாதிப் பேரைப் போல சாப்ட்வேர் வேலைக்கு வந்தவன். ஆசிலோஸ்கோப்பைத் தொட்டுப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. ஆனால் புரோகிராமில் தவறு தேடும் வேலை தினமும் உண்டு. அதில் நான் கற்ற முதல் பாடம் இது: பிழை தெரிகிற இடம் வேறு, பிழை இருக்கிற இடம் வேறு.

ஹோம் தியேட்டரும் அப்படித்தான். பாட்டு நம் காதுக்கு வருவதற்குள் ஆறு இடங்களைக் கடக்கிறது. பாட்டைத் தரும் டிவி, கம்ப்யூட்டர் அல்லது போன். அதிலும் ரிசீவரிலும் உள்ள செட்டிங்குகள். இரண்டையும் இணைக்கும் கேபிள். ரிசீவர். அங்கிருந்து போகும் ஸ்பீக்கர் வயர். கடைசியாக ஸ்பீக்கர். இந்த ஆறில் எது கெட்டாலும் நமக்குத் தெரிவது ஒன்றேதான்: சத்தம் சரியில்லை. ஆனால் பழி மட்டும் ரிசீவர் மேல் விழுகிறது. ஆறில் விலை அதிகமானதும் அதுதான்.

ஒரு நேரத்தில் ஒரு மாற்றம்

நம் வீடுகளில் வழக்கமாக என்ன நடக்கிறது? கேபிளைப் பிடுங்கிச் செருகுகிறோம், ரிமோட்டில் நாலு பட்டன் அழுத்துகிறோம், ஸ்பீக்கரை இடம் மாற்றுகிறோம். எல்லாம் ஒரே நேரத்தில். சத்தம் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. அடுத்த வாரம் திரும்ப வந்தால் மீண்டும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். இரண்டே சோதனைகள் போதும்.

முதல் சோதனை, பாட்டைத் தரும் கருவியை மாற்றுவது. டிவி இணைப்பை எடுத்துவிட்டு, நன்றாக வேலை செய்யும் ஒரு போனையோ லேப்டாப்பையோ, நல்லது என்று உறுதியாகத் தெரிந்த ஒரு கேபிள் மூலம் ரிசீவரின் ஆக்ஸ் இன்புட்டில் இணையுங்கள். போனில் வால்யூம் முக்கால் அளவுக்கு மேல் இருக்கட்டும். உங்களுக்கு நன்கு பழகிய ஒரு பாட்டைப் போடுங்கள். சத்தம் சரியாக வந்தால் ரிசீவரும் ஸ்பீக்கரும் நிரபராதிகள். பழுது டிவி பக்கத்தில், அதன் செட்டிங்கில் அல்லது பழைய கேபிளில் இருக்கிறது.

இரண்டாவது சோதனை, இடது வலது மாற்றுவது. இடப்பக்க ஸ்பீக்கர் மட்டும் பிசிறடிக்கிறது என்று வைத்துக்கொள்வோம். செட்டை ஆப் செய்து பிளக்கையும் பிடுங்கிவிட்டு, ரிசீவரின் பின்பக்கத்தில் இடது, வலது ஸ்பீக்கர் வயர்களை ஒன்றுக்கொன்று மாற்றிப் பொருத்துங்கள். இப்போதும் அதே இடது ஸ்பீக்கர்தான் பிசிறடிக்கிறது என்றால் பழுது அந்த ஸ்பீக்கரில் அல்லது அதன் வயரில் உள்ளது. பிசிறு வலது ஸ்பீக்கருக்குப் போய்விட்டது என்றால் ரிசீவரின் அந்தச் சேனலைச் சந்தேகிக்கலாம். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி மோசமாக இருந்தால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று காரணம்.

4,500 ரூபாயும் 950 ரூபாயும்

எங்கள் தெருவில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் இருக்கிறார். வீடு காலி செய்து வெளியூர் போன ஒரு குடும்பத்திடமிருந்து 5.1 செட் ஒன்றை 6,000 ரூபாய்க்கு வாங்கினார். பழைய பாட்டுகள் கேட்க வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. டிவியின் ஹெட்போன் ஜாக்கிலிருந்து ரிசீவருக்கு இணைத்துப் பாட்டைப் போட்டால் வயலின் கேட்கிறது, எதிரொலி கேட்கிறது, பாடுபவர் குரல் மட்டும் கிணற்றுக்குள்ளிருந்து வருவது போல் இருக்கிறது.

மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, “போர்டு போயிடுச்சு சார். மாத்தணும்னா 4,500 ஆகும். யோசிச்சுச் சொல்லுங்க” என்று சொல்லிப் போய்விட்டார். ஆசிரியரின் மாத ஓய்வூதியத்தில் அது சின்னத் தொகை இல்லை. என்னைப் பார்த்தபோது, “தம்பி, நீங்க இதெல்லாம் படிச்சவர்தானே, ஒரு தடவை வந்து பார்க்கிறீங்களா?” என்று கேட்டார். “சார், மெக்கானிக்கிட்ட இப்ப எதுவும் சொல்ல வேண்டாம். முதல்ல வயரைப் பார்ப்போம்” என்றேன்.

அதே வயரில் என் போனை இணைத்தேன். அப்போதும் குரல் இல்லை. வயரை மட்டும் மாற்றினேன். குரல் வந்துவிட்டது. காரணம் எளிமையானது. ஸ்டீரியோ கேபிளில் இடது, வலது இரண்டுக்கும் பொதுவாக ஒரு கிரவுண்ட் இணைப்பு உண்டு. அது அறுந்துவிட்டால், இரண்டு பக்கத்திலும் சமமாக இருக்கும் ஒலிகள் ஒன்றையொன்று அழித்துவிடும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் மட்டும் மிஞ்சும். ஸ்டீரியோ பாட்டில் பாடுபவரின் குரலைப் பெரும்பாலும் இரு பக்கமும் சமமாகத்தான் வைப்பார்கள். எனவே குரல் மறைந்து, வாத்தியமும் எதிரொலியும் மட்டும் கேட்கும். ஜாக் முழுவதும் உள்ளே போகாமல் இருந்தாலும் இதே கதைதான்.

அதோடு முடியவில்லை. குரல் வந்த பிறகு, வலது ஸ்பீக்கர் தாழ்ந்த ஒலிகளில் கரகரப்பது தெரிந்தது. இடது வலது மாற்றிப் பார்த்தோம். பழுது ஸ்பீக்கரோடுதான் இருந்தது. முன் துணியைக் கழற்றினால், கோனைச் சுற்றியுள்ள ஃபோம் வளையம் விரல் பட்டதும் பொடியாக உதிர்ந்தது. இடது ஸ்பீக்கரிலும் உதிரத் தொடங்கியிருந்தது. இரண்டுக்கும் வளையம் மாற்ற 800 ரூபாய். கேபிள் 150 ரூபாய். மொத்தம் 950 ரூபாயில் செட் பாடியது. போர்டை யாரும் தொடவில்லை.

அந்த மெக்கானிக் ஏமாற்றினார் என்று நான் சொல்லவில்லை. பத்து நிமிடம் நின்று கேட்டுவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டிய நிலை அவருக்கு. போர்டை மாற்றுவது அவருக்குத் தெரிந்த, பணம் வரும் வேலை. வயரை ஒவ்வொன்றாக மாற்றிப் பார்ப்பதற்கு யாரும் கூலி கொடுப்பதில்லை. அதனால்தான் அந்த வேலையை நாம் செய்ய வேண்டும் என்கிறேன்.

எங்கே பார்க்க வேண்டும்?

தவறான இன்புட்: ரிசீவரின் பின்னால் போனோ என்று எழுதிய இன்புட் இருந்தால் அதில் டிவியையோ கம்ப்யூட்டரையோ இணைக்கக் கூடாது. அது இசைத்தட்டு பிளேயருக்கு உரியது. சில மில்லிவோல்ட் மட்டுமே தரும் ஊசிக்காக, வரும் சிக்னலைச் சுமார் 100 மடங்கு பெருக்கும். டிவி தருவதோ அதைவிடப் பல மடங்கு பெரிய சிக்னல். எனவே ஒலி முழுவதும் உடைந்து, பாஸ் மட்டும் வீங்கி வரும். ஆக்ஸ், சிடி, டிவி என்று எழுதியவற்றில் இணைத்தால் சரியாகிவிடும்.

கம்ப்யூட்டர் செட்டிங்: விண்டோஸில் கண்ட்ரோல் பேனல் சென்று சவுண்ட் பகுதியைத் திறந்து, பிளேபேக் டேபில் உங்கள் ஸ்பீக்கரைத் தேர்ந்தெடுத்து கான்பிகர் பட்டனை அழுத்துங்கள். இரண்டு ஸ்பீக்கர் மட்டும் இணைத்துவிட்டு இங்கே 5.1 என்று இருந்தால், வசனம் இல்லாத சென்டர் ஸ்பீக்கருக்குப் போய்க் காணாமல் போகும். ஸ்டீரியோ என்று மாற்றுங்கள். அதே இடத்தில் கம்யூனிகேஷன்ஸ் டேபையும் பாருங்கள். இணைய அழைப்பு வரும்போது மற்ற ஒலிகளை 80 சதவீதம் குறைக்கும் அமைப்பு அங்கே இருக்கும். எதுவும் செய்ய வேண்டாம் என்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆறு சேனலையும் தனித்தனி கேபிளில் இணைப்பவர்கள் நிறங்களைக் கவனியுங்கள். பச்சை முன் ஸ்பீக்கர், ஆரஞ்சு சென்டர் மற்றும் சப் ஊபர், கறுப்பு பின் ஸ்பீக்கர்.

டிவி செட்டிங்: பழைய ரிசீவர்களுக்கு டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டும்தான் தெரியும். இன்றைய ஓடிடி ஆப்கள் பல டால்பி டிஜிட்டல் பிளஸ் வடிவில் ஒலியைத் தருகின்றன. ஆப்டிகல் கேபிள் வழியாக அதை அனுப்ப முடியாது. டிவி அதை மாற்றித் தராவிட்டால் ஒலியே வராது. டிவியின் டிஜிட்டல் ஆடியோ அவுட்புட்டை பிசிஎம் என்று மாற்றினால் ஸ்டீரியோ ஒலியாவது சுத்தமாக வரும். எச்டிஎம்ஐ ஏஆர்சி வசதி 2009ல் வந்த 1.4 பதிப்பில்தான் சேர்க்கப்பட்டது. அதற்கு முந்தைய ரிசீவரில் டிவியின் ஒலி எச்டிஎம்ஐ வழியே திரும்பி வராது. அதைப் பழுது என்று எண்ண வேண்டாம்.

ரிசீவர் செட்டிங்: முந்தைய உரிமையாளரின் ஸ்பீக்கர் அளவுகள், தூரங்கள், நைட் மோட் எல்லாம் அப்படியே இருக்கும். அவர் வீட்டு ஹால் வேறு, உங்கள் ஹால் வேறு. சென்டர் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் மெனுவில் அதை நோ அல்லது நன் என்று குறிப்பிடுங்கள். வசனம் இரண்டு முன் ஸ்பீக்கர்களுக்கும் பிரிந்து வந்துவிடும்.

ஸ்பீக்கர் வயர்: ஒரு ஸ்பீக்கரில் மட்டும் சிவப்பும் கறுப்பும் மாறியிருந்தால் பாஸ் காணாமல் போகும். ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். வயர் முனையில் ஒரு மெல்லிய இழை பக்கத்து முனையைத் தொட்டாலும் ஷார்ட் ஆகி செட் புரொடெக்ட் என்று காட்டி அணைந்துவிடும். அப்படி அணைந்தால் எல்லா ஸ்பீக்கர் வயர்களையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அணையாமல் நின்றால் பழுது வெளியில். அப்போதும் அணைந்தால் உள்ளே.

ஸ்பீக்கர்: கோனை இரண்டு கை விரல்களால் சமமாக, மெதுவாக அழுத்துங்கள். உள்ளே உரசும் சத்தம் கேட்டால் காயில் தேய்கிறது. மல்டிமீட்டரில் 8 ஓம் ஸ்பீக்கர் சுமார் 6 ஓம் காட்டும், அது சரிதான். முள் அசையவே இல்லை, அல்லது டிஜிட்டல் மீட்டரில் எண் வரவில்லை என்றால் காயில் அறுந்துவிட்டது. இதைச் சரி செய்பவர் யார் என்று தெரியவில்லையா? உங்கள் ஊரில் மைக் செட் வைத்திருப்பவரைக் கேளுங்கள். அவர் தன் ஸ்பீக்கர்களை எங்கே கொடுக்கிறாரோ அங்கேயே கொடுக்கலாம்.

ரிலே: இது பழைய செட்டுகளுக்கே உரிய அடையாளம். குறைந்த வால்யூமில் ஒரு பக்கம் சத்தம் கம்மியாகவும் பிசிறாகவும் வரும். வால்யூமை ஒரு முறை ஏற்றினால் சட்டென்று சரியாகிவிடும். ஆப் செய்து மறுநாள் போட்டால் மறுபடியும் பழையபடி. ஸ்பீக்கருக்குப் போகும் ரிலேயின் முனைகளில் அழுக்கு படிந்திருக்கலாம். மெக்கானிக்கிடம் “போர்டு வேண்டாம், ரிலேயை முதலில் பாருங்கள்” என்று சொல்லுங்கள். இது சின்ன வேலை.

வாட்ஸ் கணக்கு

“வால்யூமைப் பாதிக்கு மேல் ஏற்றினால் கிழிகிறது” என்பது பலரின் புகார். சில நேரம் அது பழுதே இல்லை, செட்டின் எல்லை அவ்வளவுதான். பெட்டியில் பிஎம்பிஓ என்று ஆயிரக்கணக்கில் போட்டிருப்பதை நம்பாதீர்கள். ஆர்எம்எஸ் என்று குறிப்பிட்ட எண்ணை மட்டும் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் பின்பக்க லேபிளில் அந்த செட் எடுக்கும் மின்சாரம் எத்தனை வாட்ஸ் என்று இருக்கும். 100 வாட்ஸ் எடுக்கும் செட் 1,000 வாட்ஸ் ஒலியைத் தொடர்ந்து தர வழியே இல்லை.

ஆம்ப்ளிஃபையர் தன் எல்லையைத் தாண்டும்போது ஒலி அலையின் உச்சி தட்டையாக வெட்டப்படுகிறது. அதைத்தான் நாம் பிசிறாகக் கேட்கிறோம். அப்படியே ஓட்டினால் ட்வீட்டர் எரிந்துபோகும். ஒலி நம் காதுக்கு இரு மடங்காகத் தெரிய வேண்டுமானால் சுமார் பத்து மடங்கு பவர் வேண்டும். எனவே சின்ன செட்டில் வால்யூமை முறுக்கிப் பயனில்லை. ஸ்பீக்கர்களை உட்காருபவர் பக்கம் திருப்புங்கள், கொஞ்சம் அருகே கொண்டு வாருங்கள். காசு செலவில்லாமல் கிடைக்கும் சத்தம் அது.

எப்போது விட்டுவிட வேண்டும்?

எல்லாப் பழைய செட்டையும் காப்பாற்ற வேண்டும் என்று நான் வாதிடவில்லை. எரிந்த வாடை வருகிறது, எல்லா வயரையும் கழற்றிய பின்னும் புரொடெக்ட் ஆகிறது, எந்தப் பாட்டும் போடாமலே எல்லா ஸ்பீக்கரிலும் பலமாக இரைச்சல் வருகிறது என்றால் உள்ளே பழுது இருக்கிறது. பவர் சப்ளையின் கெபாசிட்டர்கள் காய்ந்திருக்கலாம். அதை நல்ல மெக்கானிக்கிடம் கொடுங்கள். நீங்களே மூடியைத் திறக்காதீர்கள். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் பெரிய கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பழுது பார்க்கும் செலவு செட்டுக்குக் கொடுத்த விலையில் பாதியைத் தாண்டினால் விட்டுவிடலாம் என்பது என் கணக்கு. அப்போதும் ஸ்பீக்கர்களைத் தூக்கிப் போடாதீர்கள். ஓம் பொருந்தும் வேறு ரிசீவரில் அவை பாடும்.

வாங்கும்போதே பாதிச் சிக்கலைத் தவிர்க்கலாம். விற்பவர் வீட்டிலேயே, உங்கள் போனில் உள்ள பாட்டை, உங்கள் கேபிளில், ஒவ்வொரு ஸ்பீக்கராகக் கேளுங்கள். ரிமோட் இருக்கிறதா என்று பாருங்கள், அது இல்லாமல் பல ரிசீவர்களின் மெனுவுக்குள் போகவே முடியாது. வெளிநாட்டில் வாங்கியது என்றால் பின்பக்கத்தில் 230 வோல்ட்டுக்கு ஏற்றதா என்று படியுங்கள். அமெரிக்க செட் 120 வோல்ட், ஜப்பான் செட் 100 வோல்ட். நேரடியாக நம் பிளக்கில் செருகினால் போய்விடும். கழற்றும் முன் பின்பக்க இணைப்புகளை போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

விற்பவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “எல்லாம் நல்லா இருக்கு” என்று சொல்வதைவிட, எந்த வயர் எங்கே என்று ஒரு தாளில் எழுதி ரிமோட்டோடு கொடுத்துவிடுங்கள். உங்களுக்குப் பத்து நிமிட வேலை. வாங்கிப் போகிறவருக்கு அது ஒரு போர்டின் விலையை மிச்சப்படுத்தலாம்.

இந்த வாரம் உங்கள் பரணில் அப்படி ஒரு செட் கிடந்தால் இறக்குங்கள். முதலில் கேபிளை மாற்றுங்கள், பிறகு இடது வலது மாற்றுங்கள். மெக்கானிக்குக்கு போன் செய்வதை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.